வரைபடம் போடுவதற்கு முன் ஒரு பக்கத்தைப் படியுங்கள்

ஆய்வாளர்களுக்கு உரைத் தரவைத் தயார் செய்து கொடுப்பதும், அவர்கள் கொண்டுவரும் எண்களைச் சரிபார்ப்பதும் என் வேலை. இலக்கியம், வரலாறு, மொழியியல் என்று எந்தத் துறையிலிருந்து வந்தாலும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அந்த இடத்தைக் காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வரலாற்று மாணவர் மடிக்கணினியைத் திறந்து வைத்தபடியே உள்ளே வந்தார். பழைய மாத இதழ் ஒன்றின் இருபது ஆண்டுத் தொகுப்பை ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருளால் உரையாக்கி, ‘முன்னேற்றம்’ என்ற சொல் ஆண்டுக்கு எத்தனை முறை வருகிறது என்று வரைபடம் போட்டிருந்தார். பத்து ஆண்டு தரையோடு தரையாகக் கிடந்த கோடு பதினோராம் ஆண்டில் செங்குத்தாக ஏறியது. அந்த ஏற்றத்துக்கு முப்பது பக்கத்தில் அரசியல் விளக்கமும் எழுதி வைத்திருந்தார். “அந்த வருஷத்துப் பக்கம் ஒன்றைத் திறங்க, பார்க்கலாம்” என்றேன். திறந்ததும் இருவருமே சிரித்துவிட்டோம். அந்த ஆண்டிலிருந்து இதழ் தன் முழக்கத்தை எல்லாப் பக்கங்களின் மேல் ஓரத்திலும் அச்சிடத் தொடங்கியிருந்தது. முழக்கத்தில் ‘முன்னேற்றம்’ இருந்தது. கணினி கட்டுரையையும் மேல் ஓரத்தையும் ஒன்றாகப் போட்டு எண்ணிவிட்டது.

கணினி தப்பாக எண்ணவில்லை. கொடுத்ததை ஒழுங்காகத்தான் எண்ணியது. என்ன கொடுத்தோம் என்பதை நாம்தான் பார்க்கவில்லை.

இதைச் சொன்னால், “அப்போ கணினியே வேண்டாமா?” என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டும். கணினியை வைத்து உரைகளை ஆராயும் இந்தத் துறையின் தொடக்கக் கதையே அதற்குச் சாட்சி. ரொபெர்தோ பூசா என்ற இத்தாலிய இயேசு சபைப் பாதிரியார், இடைக்காலக் கிறிஸ்தவத் தத்துவ அறிஞர் தாமஸ் அக்குவினாஸின் எழுத்துகளில் ‘இருத்தல்’, ‘உடனிருத்தல்’ பற்றிய சிந்தனையை ஆராயப் போனார். பெரிய பெரிய தத்துவச் சொற்களைத் தேடியதில் அதிகம் கிடைக்கவில்லை. அக்குவினாஸ் அந்தக் கருத்தை ‘இன்’ என்ற சின்ன லத்தீன் சொல்லோடு சேர்த்தே சொல்லியிருந்தார். நம் ‘இல்’ வேற்றுமை உருபு செய்கிற வேலைதான் அதற்கும். பூசா அந்தச் சொல் வரும் வாக்கியங்களைக் கையாலேயே பத்தாயிரம் அட்டைகளில் எழுதினார். மொத்தத்தையும் அப்படிச் செய்ய ஓர் ஆயுள் போதாது என்று தெரிந்த பிறகுதான், 1949-இல் கணக்கிடும் இயந்திரங்கள் செய்த ஐபிஎம் நிறுவனத்தின் வாசலுக்குப் போனார். அக்குவினாஸ் எழுத்துகளும் தொடர்புள்ள நூல்களுமாக ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்களுக்கான சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்ற பட்டியல், அச்சில் முடிய முப்பது ஆண்டுகள் பிடித்தன. இயந்திரம் படிப்பதற்காகத் துளையிட்ட அட்டைகளில் அந்தச் சொற்களைப் பதிந்த பெண்களின் பெயர்கள் வெகுகாலம் வெளியே வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதைத் தேட வேண்டும் என்பது அவருக்கு முதலில் தெரிந்தது. இயந்திரம் பிறகு வந்தது. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

சின்னச் சொற்களின் மகிமைக்கு இன்னொரு சான்றும் உண்டு. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்துப் புனைபெயரில் வெளிவந்த 85 கட்டுரைகளில் 12-ஐ எழுதியது அந்நாட்டுத் தலைவர்களான ஹாமில்டனா, மேடிசனா என்று நெடுநாள் தகராறு. மொஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1964-இல் வெளியிட்ட ஆய்வில் கருத்துச் சொற்களை ஒதுக்கிவிட்டு, ‘அப்பான்’ (upon, ‘மேல்’) போன்ற இடைச்சொற்களை எண்ணினார்கள். ஹாமில்டன் அதைத் தாராளமாகப் போடுவார். மேடிசனிடம் அது அபூர்வம். முடிவு மேடிசன் பக்கம் சாய்ந்தது.

சரி, இதே முறையைத் தமிழ் உரைக்கு அப்படியே போட்டுப் பார்க்கலாம் என்று வருகிறவர்களிடம்தான் எனக்கு அதிக நேரம் ஆகிறது. ஆங்கிலத்தில் தனியாக நிற்கிற இடைச்சொல் தமிழில் சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது. ‘உம்’, ‘ஏ’, ‘இல்’ எல்லாம் சொல்லின் வாலில் இருக்கின்றன. இடைவெளியை வைத்துச் சொல் பிரிக்கும் நிரல் அவற்றைப் பார்க்கவே பார்க்காது.

ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ வராது, ‘மரங்கள்’ வராது, ‘மரக்கிளை’யும் வராது. அதனால் ‘மர’ என்று தேடுகிறீர்கள். இப்போது ‘மரபு’, ‘மரணம்’ வந்து நிற்கும். அவையாவது எதிர்பார்த்தவை. ‘மருந்து’, ‘மரியாதை’, ‘மருமகள்’ ஏன் வருகின்றன? கணினி எழுத்துகளைப் பதியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘ரு’ என்பது ‘ர’வும் அதற்குப் பின்னால் ஓர் உகரக் குறியும். ‘ரி’யும் அப்படித்தான். ஆக, கணினிக்கு ‘மருமகள்’ என்பதும் ‘மர’ என்று தொடங்கும் சொல்தான்.

இதோடு முடியவில்லை. ‘கொ’ என்ற எழுத்தில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் பதியலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் யூனிகோட் இயல்பாக்கம் செய்தால் இது சரியாகிவிடும். ஆனால் ‘ஔவை’ என்று ஓரெழுத்தாக அடிக்காமல் ‘ஒ’வும் ‘ள’வுமாக அடித்து ‘ஒளவை’ ஆக்கியதை அந்த இயல்பாக்கம் தொடாது; அதை நீங்களே தேடி மாற்ற வேண்டும். பழைய பாடல்களில் சந்தி பிரித்த பதிப்புக்கும் பிரிக்காத பதிப்புக்கும் மொத்தச் சொல் எண்ணிக்கையே வேறு. ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி இருக்காது, எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடும் இருக்காது. நீங்கள் எண்ணுகிற கோப்பில் ஒரு பதிப்பாசிரியரின் முடிவுகள் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. எந்தப் பதிப்பு என்று ஆய்வேட்டில் எழுதாமல் எண்ணை மட்டும் தருவதை நான் ஏற்பதில்லை.

வரலாற்றுக்காரர்களுக்குத் தனியாக ஒரு பொறி இருக்கிறது. எக்செல் 1900-க்கு முந்தைய தேதியைத் தேதியாக எடுத்துக்கொள்ளாது. வெறும் எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். ஏறுவரிசையில் அடுக்கினால் எண்கள் முதலில், எழுத்துகள் அப்புறம். ஆகவே 1925-ஆம் ஆண்டுக் கடிதம் 1895-ஆம் ஆண்டுக் கடிதத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிப் பத்திகளில் வையுங்கள். மூலத்தில் எப்படி எழுதியிருந்ததோ அதை நான்காவது பத்தியில் அப்படியே வையுங்கள்.

இப்போது எல்லோரும் செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளிடம் வேலையைக் கொடுக்கிறார்கள். நானும் கொடுக்கிறேன். ஆயிரம் கடிதங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கச் சொல்லலாம். மேற்கோள் மட்டும் கேட்காதீர்கள், இல்லாத வரியைப் பாட்டு எண்ணோடு தரும். பிரிக்கச் சொல்லும்போதும், முதலில் குலுக்கலில் நூறு கடிதங்களை எடுத்து, செயலியின் விடையைப் பார்க்காமல் நீங்களே பிரித்துவிடுங்கள். அப்புறம் இரண்டையும் ஒப்பிடுங்கள். செயலியின் விடையை முன்பே பார்த்துவிட்டால் நம் கண்ணும் அதோடு ஒத்துப்போய்விடும். இது என் சொந்த அனுபவம். மாறுபடுகிற இடங்களை எடுத்துப் படித்தால், பாதி நேரம் நம் பிரிவுகளே தெளிவாக இல்லை என்று தெரியவரும்.

கடைசியாக, பேட்டிகள். வாய்மொழி வரலாறு எடுப்பவர்கள் ஒலிப்பதிவை இலவசமாக எழுத்தாக்கித் தரும் தளங்களில் ஏற்றிவிடுகிறார்கள். குடும்பச் சண்டை, நோய், சாதி அவமானம் எல்லாம் நம்பிச் சொன்னவர் உங்களிடம்தான் சொன்னார், அந்தத் தளத்திடம் அல்ல. ஒப்புதல் படிவத்தில் இதற்கு ஒரு வரி இருக்க வேண்டும். ஏற்கெனவே எடுத்த பேட்டி என்றால் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். நான் கேட்கச் சொன்னவர்களில் பெரும்பாலானோருக்குச் சம்மதம் கிடைத்தது. மறுத்தவர்களின் ஒலிப்பதிவுகளை இணையத் தொடர்பில்லாத கணினியில் வைத்து, காதில் கேட்டுக் கையால் தட்டச்சு செய்தோம். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒரு நாள் போனது.