பதினெட்டு ஆகாத பையனைப் போலீஸ் பிடித்துவிட்டதா? முதலில் இதைப் படியுங்கள்

டீக்கடை பெஞ்சில் யாரோ மறந்து வைத்த செல்போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட 16 வயதுப் பையன் சாயங்காலமே மாட்டிக்கொள்கிறான் என்று வையுங்கள். அம்மா ஸ்டேஷனுக்கு ஓடும்போது தெருவே சொல்வது, "உள்ளே தள்ளிடுவாங்க." அப்படியெல்லாம் தள்ள முடியாது. 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் இளைஞர் நீதிச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கவே கூடாது.

இந்த மாதிரி சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு தண்டனை, அதனால் இது சட்டத்தின் கணக்கில் சிறு குற்றம். பெரியவர்கள் யாரும் கூட்டு இல்லாவிட்டால் எஃப்.ஐ.ஆர். தேவையில்லை, ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் எழுதி, பையனின் குடும்பப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பினால் போதும் என்கின்றன மத்திய அரசின் 2016 மாதிரி விதிகள். பிடித்து வைத்திருந்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும். ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள் (ஒருவராவது பெண்), இவ்வளவுதான் குழுமம். வயதைக் காட்டப் பள்ளிச் சான்றிதழைக் கையோடு எடுத்துப் போங்கள், அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். குற்றம் எதுவானாலும் ஜாமீன் தருவதுதான் விதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, அல்லது நீதி கெட்டுப்போகும் என்று குழுமம் கருதினால்தான் மறுக்கலாம், அப்போதும் கூர்நோக்கு இல்லம் (விசாரணை முடியும்வரை சிறுவர்களைத் தங்கவைக்கும் இடம்) மாதிரி இடத்துக்குத்தான் அனுப்புவார்கள்.

அப்புறம் நன்னடத்தை அலுவலர் வருவார். என்னைக் கேட்டால் மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது. குழுமத்தின் முன் முதல்முறை நிறுத்திய நாளிலிருந்து 15 நாளுக்குள் அவர் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும், அதற்காக வீடு, பள்ளிக்கூடம், கூட்டாளிகள், பக்கத்து வீடு என்று எல்லாவற்றையும் விசாரிப்பார். "எங்க பையன் தங்கம் சார்" என்று பூசி மெழுகுவதில் பிரயோசனம் இல்லை. ஒன்பதாவதோடு நின்றுவிட்டான், ராத்திரி யாரோடு சுற்றுகிறான் என்று தெரியவில்லை, அப்பா குடிக்கிறார் என்றால் அப்படியே சொல்லுங்கள். கூடவே இனி யார் பார்த்துக்கொள்வார்கள், பள்ளியில் திரும்பச் சேர்க்கப் பேசியாயிற்றா என்பதையும் சொன்னால், வீட்டிலேயே விட்டுத் திருத்தலாம் என்று எழுத அவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

தவறு செய்தது உறுதியானால் குழுமம் என்ன செய்யும்? புத்திமதி சொல்லி, பையனுக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை தந்து அனுப்பலாம். அபராதம் போடலாம். பெற்றோர் பொறுப்பில் 3 ஆண்டு வரை நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம், பள்ளிக்குப் போக வேண்டும், போதை மீட்பு சிகிச்சை எடுக்க வேண்டும் என்று சேர்த்தும் சொல்லலாம். சமூக சேவையும் உண்டு, அது 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு: பூங்கா பராமரிப்பு, முதியோருக்கு உதவி, ஆஸ்பத்திரியில் ஒத்தாசை, போக்குவரத்துத் தன்னார்வலர் மாதிரி வேலைகள். ஊர் பார்க்க நிறுத்தி அவமானப்படுத்துவதற்கு இல்லை இது. சிறப்பு இல்லத்துக்கு (தவறு உறுதியான சிறுவர்களை வைத்துத் திருத்தும் இடம்) அனுப்புவது, அதுவும் அதிகபட்சம் 3 ஆண்டு, கடைசி வழிதான்.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. 16 வயது நிரம்பியவர் குறைந்தபட்சமே 7 ஆண்டு தண்டனை உள்ள கொடுங்குற்றத்தில் சிக்கினால், குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்து குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றலாம், அங்கே பெரியவரைப் போல விசாரணை நடக்கலாம். இப்படி ஏதாவது என்றால் முதல் நாளே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேளுங்கள்.

சிறு குற்ற விசாரணை 4 மாதத்தில் முடிய வேண்டும், 2 மாதம் நீட்டிக்கலாம், அதற்குள்ளும் முடியாவிட்டால் வழக்கு அத்தோடு சரி. வழக்கு முடிந்த பிறகு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டுப் போனால் போலீஸ் இந்தப் பழைய விவரத்தைக் காட்டக் கூடாது. பையனின் பெயரும் படமும் செய்தியில் வரக் கூடாது, மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூடக் கிடைக்கலாம். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் "இவன்தான் திருடன்" என்று யாராவது அவன் போட்டோவைச் சுற்ற விட்டிருந்தால், அழிக்கச் சொல்வதற்கு முன் ஆதாரத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.