ஐம்பது மணி நேரம் எங்கிருந்து வரும்? ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களின் நட்புக் கணக்கு

ஊரிலிருந்து போன் வந்தால் முதல் கேள்வி "சாப்பிட்டியா?" என்பதுதான். "யாரோட சாப்பிட்ட?" என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஜெர்மனிக்கு முதுகலை படிக்கப் போன மாணவர்கள் ஆலோசனைக்கு வரும்போது தூக்கம் வரவில்லை, பாடத்தில் மனம் நிற்கவில்லை என்றுதான் தொடங்குவார்கள். கொஞ்ச நேரம் பேசவிட்டால் விஷயம் வெளியே வரும். வெள்ளிக்கிழமை மாலை அறைக் கதவைச் சாத்தினால், திங்கள் காலை வகுப்பு வரை நேரில் ஒருவரிடமும் வாய் திறந்து பேசியிருக்க மாட்டார்கள்.

ஜெர்மனியின் வெளிநாட்டு மாணவர்களில் 2022-23 குளிர்கால செமஸ்டரிலிருந்து இந்தியர்களே முதலிடம். அப்படியிருந்தும் ஒவ்வொருவரும் இந்தத் தனிமையைத் தன் சுபாவக் குறை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். "எனக்குப் பழகத் தெரியல" என்கிறார்கள். அநேகமாக அது உண்மையில்லை. பழகுவதற்கான நேரம்தான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. தெரிந்த முகம் ஒன்று சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரம். நண்பர் என்று சொல்லிக்கொள்ளச் சுமார் 90. நெருங்கிய நட்புக்கு 200-க்கும் மேல். ஒரே வகுப்பிலோ ஒரே வேலையிலோ இருந்த நேரம் அவ்வளவாகப் பலன் தரவில்லை; சேர்ந்து சாப்பிட்டது, விளையாடியது, சும்மா உட்கார்ந்து பேசியதுதான் பலன் தந்தது.

ஊரில் இந்த 50 மணி நேரத்தை யாரும் தேடிப் போகவில்லை. காலேஜ் பஸ், ஹாஸ்டல் மெஸ், டீக்கடை, நான்கு வருஷம் ஒரே பெஞ்ச் என்று அது தானாகவே சேர்ந்தது. ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் நம் ஊர் மாதிரி 'செக்‌ஷன்' கிடையாது. பாடங்களை அவரவரே தேர்ந்தெடுப்பதால் அட்டவணை ஆளுக்கு ஆள் மாறும். பல விரிவுரைகளுக்கு வருகைப் பதிவும் இல்லை. பேராசிரியர் முடித்ததும் எல்லோரும் மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள், அங்கே அதுதான் கைதட்டல். இரண்டு நிமிடத்தில் அரங்கம் காலி. பக்கத்தில் இருந்தவர் அடுத்த வாரம் எங்கே உட்காருவார் என்றுகூடத் தெரியாது.

அதனால் முதல் மாதத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே ஆட்கள் என்று இரண்டு இடங்களைப் பிடிப்பது. பத்து விதமான விருந்துகளுக்குப் போய் நாற்பது பேரிடம் இன்ஸ்டாகிராம் கணக்கு வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

மிக எளிய வாசல் ஹோக்‌ஷூல்ஸ்போர்ட், அதாவது பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவு. கட்டணம் தனியார் ஜிம்மைவிட மிகக் குறைவு. செமஸ்டர் தொடக்கத்தில் ஒரு குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட மணிக்கு இணையப் பதிவு திறக்கும். நல்ல வகுப்புகள் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். அந்த நேரத்தை முன்கூட்டியே பார்த்து, வங்கிக் கணக்கின் ஐபேன் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். எதில் சேர்வது என்பதிலும் யோசனை வேண்டும். காதில் இயர்போனோடு தனியாக எடை தூக்கினால் ஒரு வருஷமானாலும் ஒருவர் பெயரும் தெரியாது. பேட்மின்டன், வாலிபால், பாறையேற்றம், சேர்ந்திசைக் குழு மாதிரி, நடுவில் நின்று மூச்சு வாங்கவும் முறைக்குக் காத்திருக்கவும் இடம் தருபவையே பேச்சுக்கு ஏற்றவை.

இப்போது கணக்கைப் பாருங்கள். வாரம் ஒன்றரை மணி நேரம், விரிவுரைக் காலம் சுமார் 14 வாரம்: மொத்தம் 21 மணி. 50-க்குப் பாதிகூட இல்லை. வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம் சேர்ந்து சாப்பிட்டால் 35. பந்தை எடுத்து வைத்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்கள் இழப்பது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

விசா தாமதத்தால் நவம்பரில் போய்ச் சேருகிறவர்கள் அக்டோபரின் அறிமுக வாரத்தைத் தவறவிடுவார்கள். அங்கேதான் குழுக்கள் உருவாகும் என்பதால் இந்த இழப்பு பெரியது. கிளம்பும் முன்பே உங்கள் துறையின் ஃபாக்‌ஷாஃப்டுக்கு, அதாவது மாணவர் குழுவுக்கு, மின்னஞ்சல் அனுப்பி அந்த வருஷத்து வாட்ஸ்அப் அல்லது டிஸ்கார்ட் குழுவில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். அவர்கள் நடத்தும் விளையாட்டு மாலைகள் செமஸ்டர் நடுவிலும் நடக்கும்.

அழைக்கும் விதத்தில் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்பது நம்மிடம் அன்பு. அங்கே தேதி இல்லாத அழைப்பு, அழைப்பாகவே பதியாது. முன்னறிவிப்பில்லாமல் கதவைத் தட்டுவது சங்கடம். சிறியதாகத் தொடங்குங்கள்: "நான் 12.15-க்கு மென்சா போறேன், கொம்ஸ்ட் டு மிட்?" நீயும் வருகிறாயா என்று அர்த்தம். மென்சா என்பது மாணவர் உணவகம்; சைவ உணவு தினமும் இருக்கும், பட்டியலில் குறித்தும் இருக்கும். வீட்டுக்கு அழைப்பதென்றால் ஒன்றிரண்டு வாரம் முன்பே நாளும் நேரமும் சொல்லுங்கள். அவர்கள் டைரியைப் பார்த்து "அடுத்த வியாழன் முடியாது, அதற்கடுத்த புதன்?" என்றால் அது தட்டிக்கழிப்பு இல்லை, சம்மதம்.

இன்னும் சில இடங்களில் வீணாக மனம் புண்படுகிறது. உணவகத்தில் பில் வரும்போது சேர்த்தா, தனித்தனியா என்று கேட்பார்கள். "தனித்தனி" என்று நண்பர் சொன்னால் உங்களை அந்நியராக நினைக்கிறார் என்று பொருளில்லை. 'ஃப்ராய்ண்ட்', அதாவது நண்பர், என்ற சொல்லை அவர்கள் சிலருக்கு மட்டுமே தருவார்கள், மற்றவர்கள் 'பெகான்டெ', அறிமுகமானவர்கள். ஆறு மாதம் பழகியவர் உங்களை அப்படி அறிமுகப்படுத்தினால் உறவு சரியான பாதையில்தான் போகிறது. பிறந்தநாள் வாழ்த்தை முந்தின நாளே சொல்லிவிடாதீர்கள், அது அபசகுனம் என்பது அங்குள்ள நம்பிக்கை. கேக் கொண்டுவருவதும் பிறந்தநாள்காரரே. மது வேண்டாமென்றால் 'ஆப்ஃபெல்ஷோர்லெ' கேளுங்கள்: ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்தது. காரணம் விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. படிப்பு ஆங்கிலத்தில்தானே என்று நம்பிப் போகிறோம். இருவராகப் பேசும்போது அங்குள்ள மாணவர்கள் நன்றாகவே ஆங்கிலம் பேசுவார்கள். ஐந்து பேராகக் கூடினால் பத்தாவது நிமிடம் ஜெர்மனுக்குப் போய்விடும். ஒதுக்க வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை, நாம் தமிழுக்கு மாறுவது போலத்தான். எனவே முதல் செமஸ்டரில் ஒருவரோடு ஒருவர் சந்திப்பதே நல்லது. டேண்டம் என்ற மொழிப் பரிமாற்றம் அதற்காகவே இருக்கிறது: 45 நிமிடம் அவர் மொழி, 45 நிமிடம் உங்கள் மொழி. பல்கலைக்கழக மொழி மையத்தில் பதிவு செய்யலாம்.

பகிர்ந்து வாழும் வீட்டில், 'வே-கே' என்பார்கள், இருந்தால் சமையலறைதான் உங்கள் பெரிய சொத்து. இரவு பத்தரைக்குத் தனியாகத் தாளித்து, தட்டை அறைக்குள் எடுத்துப் போய் வீடியோ அழைப்பில் அம்மாவோடு சாப்பிடுவது பழகிப்போகும். வாரம் இரண்டு நாளாவது ஏழு மணிக்கு, மற்றவர்கள் சமைக்கும் நேரத்தில், அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். கடுகு வெடிக்கும் முன் சன்னலை அகலத் திறந்துவிடுங்கள்; புகை உணரி கத்தினால் கட்டிடமே எழுந்துவிடும். சுத்தம் செய்யும் முறை அட்டவணையில் உங்கள் வாரத்தைத் தவறவிடாதீர்கள். அங்கே வீட்டு நட்பு கெடுவது பெரிய சண்டையால் அல்ல, துடைக்காத அடுப்பால்.

தமிழ் நண்பர்களைத் தவிர்க்கச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்பதில்லை. காய்ச்சலில் கஞ்சி கொண்டுவருகிறவர்கள் அவர்கள்தான். சொந்த நாட்டவர், உள்ளூர்க்காரர், பிற வெளிநாட்டு மாணவர் என்ற மூன்று வட்டங்களும் மூன்று வேறு தேவைகளை நிறைவேற்றுகின்றன என்று உளவியலாளர் ஸ்டீபன் போக்னர் 1970-களிலேயே காட்டியிருக்கிறார். ஈழத்தமிழர்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்குக் கண்ட ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவில் ஒரு நாள் நின்றாலே மனம் நிறையும். ஆறு தமிழர் ஒரே வீட்டில், ஒரே பாடத்தில், ஒரே பகுதிநேர வேலையில் இருக்கும்போதுதான் சிக்கல்: அந்த வட்டத்தில் ஒரு மனக்கசப்பு வந்தால் ஒதுங்க வேறு இடமே இருக்காது.

வேலை நேரத்தையும் கவனியுங்கள். 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலைக்கு அனுமதி உண்டு. முடிந்தவரை எல்லாவற்றையும் மாலை ஷிப்டாக எடுத்தால், மற்றவர்கள் கூடும் நேரம் முழுவதும் நீங்கள் டெலிவரி சைக்கிளில் இருப்பீர்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னோக்கிப் போகும். டிசம்பரில் பெர்லினில் பெரும்பாலும் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். "இன்னிக்கு வேண்டாம்" என்று முதல் வகுப்பைத் தவிர்ப்பது அப்போதுதான். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லை என்றால், அது நட்புக் குறிப்புகளால் தீராது. மாணவர் நலச் சங்கத்தின் உளவியல் ஆலோசனைக்கு உடனே நேரம் கேளுங்கள். ரகசியம் காக்கப்படும், பல நகரங்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். காத்திருப்பு இருக்கும் என்பதால் முற்றும் வரை பொறுக்க வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 112-ஐ அழையுங்கள்.

பிப்ரவரியில் விரிவுரைகள் முடியும். உள்ளூர் மாணவர்கள் பலர் ஊருக்குப் போவார்கள், வார வகுப்பும் நின்றுபோகும். சேர்த்த 35 மணி நேரம் கரைவது இந்த இடைவெளியில்தான். கடைசி வகுப்பன்று, காலணிக் கயிறு அவிழ்க்கும்போதே, மார்ச்சில் ஒரு தேதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.