அணியத்தில் பாய் கட்டுமுன்

நவம்பர் வந்தால் கானரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் கரீபியனுக்குப் புறப்படும் பாய்மரப் படகுகள் நெருக்கியடித்து நிற்கும். சுமார் 2,700 கடல் மைல் பயணம். பெரும்பாலான நாட்கள் வடகிழக்குக் காற்று பின்னாலிருந்தே தள்ளும். அந்தப் படகுகளின் கயிறுகளையும் கம்பிகளையும் சோதித்துக் கொடுப்பது என் தொழில். பாய்மர உச்சியில் ஏறச் சொல்வார்கள். நான் முதலில் படகின் முன்பகுதியான அணியத்தில்தான் மண்டியிடுவேன்.

ஒரு 12 மீட்டர் படகில், பின்காற்றுக்கு விரிக்கும் பெரிய, மெல்லிய பாயான ஜெனேக்கரின் முன்முனைக் கயிறு நங்கூரம் இறங்கும் உருளையில் கட்டப்பட்டிருந்தது. "நங்கூரத்தையே தாங்கும் இடம், இந்த மெல்லிய பாயைத் தாங்காதா?" என்றார் உரிமையாளர். நியாயமான கேள்விதான். ஆனால், நங்கூரச் சங்கிலி அந்த உருளையைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. ஜெனேக்கரோ மேல்நோக்கி இழுக்கிறது. படகு ஆடும்போது பக்கவாட்டிலும் பிடுங்குகிறது. விளக்கடித்துப் பார்த்தோம். தகட்டின் பற்றவைப்பில் மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. பாய்மரத்தை முன்னாலிருந்து பிடித்து நிற்கும் கம்பியும் அதே தகட்டில்தான் மாட்டியிருந்தது. அது பிய்ந்திருந்தால் நடுக்கடலில் பாய்மரமே சாய்ந்திருக்கும்.

பின்காற்று ஏமாற்றும். 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) காற்று நேர் பின்னால் வர, படகு 6 நாட் வேகத்தில் ஓடினால், தளத்தில் நிற்பவருக்கு 12 நாட் காற்றுதான் தெரியும். அலை தள்ளிப் படகு குறுக்கே திரும்பிய நொடியில் அதே காற்று 19 நாட் வேகத்தில் பாயில் அறையும். விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயருவதால் சுமை இரண்டரை மடங்காகிவிடும். பாயைக் கட்டும் இடம் அந்த நொடியைத்தான் தாங்க வேண்டும், இதமான பிற்பகலை மட்டும் அல்ல.

சரியான வழி, முன்னால் நீளும் ஒரு குறுந்தண்டு. அதன் நுனியைக் கீழே, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, படகின் முகத்தோடு இழுத்துக் கட்டும் கம்பியோ கயிறோ. மேல்நோக்கிய இழுப்பை வாங்குவது அதுதான். தளத்தில் வளையம் பதிப்பதானால் போல்ட் ஊடுருவிச் செல்ல வேண்டும். அடியில் அகலமான தகடு வேண்டும். தளத்தின் மேல், கீழ் அடுக்குகளுக்கு நடுவே பால்சா என்ற இலேசான மரம் இருந்தால், துளையைச் சுற்றி அதைச் சுரண்டி எடுத்து எபாக்ஸிப் பிசின் நிரப்புங்கள். இல்லையேல் போல்ட்டை முடுக்கும்போது தளம் நசுங்கும். நீர் புகுந்து மரம் அழுகும். அணியத்தைச் சுற்றியுள்ள கைப்பிடிக் குழாய்களில் பாயைக் கட்டவே கட்டாதீர்கள். அவை மனிதர் பிடித்துக்கொள்வதற்காக வைத்தவை.

நங்கூரத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். அதன் கூர்நுனி ஒரே இரவில் கயிற்றை அறுத்துவிடும். தினமும் காலையில், பாயை உயர்த்திப் பிடிக்கும் கயிற்றை ஒரு சாண் இடம் மாற்றுங்கள்; உச்சிக் கப்பியில் ஒரே இடம் தேயாது. அணியத்துக்குப் போகும்போது, பகலாக இருந்தாலும், உங்களைப் படகோடு பிணைக்கும் பாதுகாப்பு வாரை மாட்டிக்கொண்டே போங்கள்.