பிள்ளை பெற்றவளுக்கு மனசு சரியில்லையா? அரசு ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்க வேண்டியவை

பென்னாகரம் பக்கத்துப் பெண் ஒருத்தியோடு மூன்று நாள் அலைந்தேன். குழந்தைக்கு நாற்பது நாள். ராத்திரி முழுக்கத் தூங்காமல், மூச்சு வருகிறதா என்று குழந்தையின் மூக்கருகே விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். "அசதியா இருக்கு சிஸ்டர்" என்றாள். சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மனநலப் பிரிவுக்குப் போனால் ஓ.பி. சீட்டு நேரம் முடிந்துவிட்டதாம். மூன்றாம் நாள்தான் டாக்டரைப் பார்த்தோம். மாத்திரைக்கு ஒரு ரூபாய்கூட செலவில்லை. அந்த இரண்டு நாள் ஏன் வீணாகப் போக வேண்டும்?

பிரசவமான புதிதில் அழுகை, எரிச்சல் பலருக்கு வரும், தானே அடங்கும். இரண்டு வாரம் தாண்டியும் விடவில்லையென்றால், கர்ப்ப காலத்திலேயே தொடங்கியிருந்தாலும், அது சிகிச்சை தேவைப்படும் நோய்.

'அசதி' என்று மட்டும் சொல்லாதீர்கள். "ரெண்டு வாரமா தூக்கம் இல்ல, அழுகையா வருது, குழந்தையத் தூக்கவே மனசு வரல" என்று சொல்லுங்கள். பிரசவத்தை ஒட்டி வரும் மனச்சோர்வைக் கண்டறியும், பத்துக் கேள்வி கொண்ட எடின்பரோ அளவுகோல் தமிழிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாள் மனநிலையை அது கேட்கும், ஐந்து நிமிஷ வேலை. அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மனநல டாக்டருக்கு அனுப்பினால் வாய்மொழியாக விடாமல் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பெரிய ஓட்டை தாய்வீடு. பிக்மி பதிவு (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு) ஓசூரில் புருஷன் வீட்டில், பிரசவம் அரூரில் அம்மா வீட்டில். இரண்டு ஊர் செவிலியருமே 'அவங்க பார்ப்பாங்க' என்று விட்டுவிடுகிறார்கள். புதன்கிழமை தடுப்பூசிக்குப் போகும்போது நீங்களே பேச்சை எடுங்கள். வட்டார ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் குறிப்பிட்ட நாளில்தான் வருவார்; நாளைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் காலையிலேயே ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள். அஞ்செட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவளை 'நாளைக்கு வாம்மா' என்று திருப்பி அனுப்பினால் அவள் மறுபடி வருவாளா?

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 உங்கள் பக்கம் இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு, அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும், அரசு மனநல சிகிச்சை இலவசம். பதினெட்டு வயது நிரம்பிய பெண் தானே சிகிச்சை கேட்கலாம். 'புருஷனைக் கூட்டிட்டு வா' என்று திருப்பி அனுப்ப இடமில்லை. உள்நோயாளியாகச் சேர்த்தாலும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பொதுவாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று மனநல டாக்டர் கருதினால்தான் பிரிக்கலாம். அந்த முடிவையும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும்.

மாத்திரை தொடங்கினால் தாய்ப்பால் நிறுத்த வேண்டும் என்று மாமியாரோ பக்கத்து வீட்டுக்காரரோ சொன்னால் கேட்காதீர்கள். பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. பால் கொடுக்கிறேன் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சாமி, மந்திரிப்பு எல்லாம் செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும். அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

பேசத் துணையில்லாத ராத்திரிக்கு 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணமில்லை, தமிழில் பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள். சாகணும்போல இருக்கு என்றாலோ, யாரோ குழந்தையைக் கொல்லச் சொல்கிற குரல் கேட்கிறது என்றாலோ, ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் 108 கூப்பிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். அதுவரை அவளையும் குழந்தையையும் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாதீர்கள்.