அந்தச் சதுர பேட்டரியை முதலில் கழற்றுங்கள்

"புரோகிராம்ல ஏதோ தப்பு சார், கொஞ்சம் பாருங்க." அறிவியல் கண்காட்சிக் காலம் வந்தால் போதும், ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எந்தப் பள்ளிப் பிள்ளையானாலும் இதே வாக்கியம்தான். கையில் ஒரு செருப்பு டப்பா. அதற்குள் ஆர்டுயினோ ஊனோ என்ற குட்டிக் கணினி போர்டு, இரண்டு மஞ்சள் கியர் மோட்டார், சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சர்வோ மோட்டார் ஒன்று, அத்தனைக்கும் சோறு போட ஒரே ஒரு 9 வோல்ட் சதுர பேட்டரி. யூஎஸ்பி கேபிளில் செருகினால் போர்டு ஒழுங்காக இருக்கும். பேட்டரியில் போட்டால் மோட்டார் ஒரு துள்ளு துள்ளி நிற்கும், மறுபடி துள்ளும். புரோகிராமில் தப்பு இல்லை. ஒரு வாரம் அதைத் திருத்தியவர்கள் இரண்டு நிமிடம் மல்டிமீட்டரை எடுத்திருக்கலாம்.

"போர்டுக்கு ஐந்து வோல்ட் போதுமே, ஒன்பது அதைவிடப் பெரியதுதானே, ஏன் பத்தாது?" எல்லாச் சிக்கலும் இந்தக் கேள்வியில்தான். எஸ்டேட் லைன் வீடுகளுக்கு மேட்டில் தொட்டி கட்டி, அரை இன்ச் குழாயில் தண்ணீர் விட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் திறந்தால் சீறும். நாலு வீட்டில் சேர்ந்து திறந்தால் நூலாக ஒழுகும். தொட்டியின் உயரம் குறையவில்லை, குழாய்தான் குறுகல். உயரம் வோல்ட், வந்து சேரும் தண்ணீர் ஆம்பியர். அந்தச் சதுர பேட்டரிக்குள் இருப்பவை 1.5 வோல்ட் குட்டி செல்கள் ஆறு. குட்டி என்பதால் உள் மின்தடை அதிகம். புகை எச்சரிக்கைக் கருவி மாதிரி துளித்துளியாகக் குடிக்கும் சாதனங்களுக்கு அது சரி. நல்ல அல்கலைனே சுமார் 500 மில்லி ஆம்பியர்-மணிதான் கொள்ளும். டபுள் ஏ அல்கலைன் செல் 2000-ஐத் தாண்டும். மலிவான சிங்க்-கார்பன் வாங்கியிருந்தால் இன்னும் மோசம்.

ஒரு சின்ன சர்வோ திணறும்போது மட்டும் அரை ஆம்பியருக்கு மேல் கேட்கும். மோட்டார்கள் கிளம்பும் நொடியில் அதற்கும் மேல். பேட்டரி வோல்ட் சரிந்து, ஊனோவின் சிப்புக்குப் போவது 2.7-க்குக் கீழே இறங்கினால் அது தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். மோட்டார் நிற்கும், வோல்ட் ஏறும், புரோகிராம் முதலிலிருந்து தொடங்கும், மோட்டார் கிளம்பும், மறுபடி சரியும். "மீட்டர்ல 9 காட்டுதே" என்பார்கள். குழாய் எதையும் திறக்காமல் அளந்தால் அப்படித்தான் காட்டும். மோட்டார் ஓடும்போது அளங்கள்.

சர்வோவை போர்டின் 5 வோல்ட் பின் என்னும் இணைப்பிலிருந்து ஓட்டுவதும் தீர்வல்ல. 9-ஐ 5 ஆக்கும் ரெகுலேட்டர், மீதி 4 வோல்ட்டைச் சூடாகத்தான் கழிக்கும். அரை ஆம்பியர் ஓடினால் 2 வாட். விரல் வைத்துப் பார்த்தால் தெரியும், வைக்காதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். மோட்டாருக்குத் தனி பேட்டரி. டபுள் ஏ அல்கலைன் நாலு போட்டால் 6 வோல்ட். மோட்டாரை ஓட்டும் எல்298என் டிரைவர் சர்க்யூட் போட்டிருந்தால் அதுவே சுமார் 2 வோல்ட்டை விழுங்கிவிடும், அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். போர்டுக்கு வேறு சப்ளை. இரண்டின் கிரவுண்டையும், அதாவது மைனஸ் வயரையும், கட்டாயம் இணையுங்கள். இதை விட்டுவிட்டு "சிக்னல் போகலை" என்பவர்கள் பாதிப் பேர். சர்வோவின் பக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, பிளஸ் மைனஸ் பார்த்து. ஊனோவின் ஒரு பின்னில் 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்காதீர்கள். எல்இடிக்கு 220 ஓம். வெறும் ரிலேயின் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) காயில் மட்டும் 70 மில்லி ஆம்பியர் கேட்கும். நடுவில் ஒரு டிரான்சிஸ்டர், காயிலின் குறுக்கே 1என்4007 டையோடு, அதன் வெள்ளைக்கோடு பிளஸ் பக்கம்.

ரிலேயின் மறுபக்கம் 230 வோல்ட்டை, சாலிடர் இல்லாமல் வயர் செருகும் பிரெட்போர்டில் செருகுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள் கண்ணுகளா. கண்காட்சிக்கு 12 வோல்ட் பல்பு எரிந்தால் போதும், நடுவர் மார்க்கைக் குறைக்க மாட்டார்.

அடுத்த புகார், "சென்சார் டூப்ளிகேட்." காற்றழுத்தம் அளக்கும் பிஎம்பி280 ஊட்டியில் 775 ஹெக்டோபாஸ்கல் பக்கம் காட்டினால் அது நல்ல சென்சார். 1013 என்பது கடல் மட்டத்துக்கு. நாம் இருப்பது 2240 மீட்டரில். கொதிக்கிற தண்ணீரில் வெப்பநிலை சென்சார் டிஎஸ்18பி20-ஐ விட்டு 92, 93 டிகிரிதான் வருகிறது என்று கடையில் சண்டை போடாதீர்கள். இங்கே தண்ணீர் கொதிப்பதே அந்தச் சூட்டில்தான். அதே சென்சார் மைனஸ் 127 காட்டினால் அது ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தா குளிர் இல்லை, வயர் கழன்றிருக்கிறது அல்லது 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை மறந்துவிட்டீர்கள்.

உறைபனி எச்சரிக்கைக் கருவி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் டிஎச்டி11 சென்சார் பூஜ்யத்துக்குக் கீழே அளக்காது. பனி புல்மேல் படிவது. ஜன்னல் உயரத்தில் 3 டிகிரி காட்டும்போதே தரையில் வெள்ளை பூத்துவிடும். நீர்புகா டிஎஸ்18பி20-ஐப் புல்லோடு புல்லாக வையுங்கள். அந்தக் குளிரில் 18650 லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்யாதீர்கள், பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல் உள்ளே கெட்டுப்போகும். மண் ஈரத்துக்கு இரண்டு முள் உள்ள மலிவு சென்சார் இங்கத்திய ஈரத்தில் சீக்கிரமே அரித்துவிடும், கெப்பாசிட்டிவ் வகை வாங்குங்கள். டப்பாவுக்குள் வயர் கீழிருந்து மேலே நுழையட்டும், மேலிருந்து இறங்கினால் மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே போர்டுக்கு வந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓடவில்லையா, கொண்டு வாருங்கள், பார்க்கலாம். போர்டை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். பேட்டரியும் கூட வரட்டும்.