படுத்துக்கொண்டு சுடுவதில் என்ன கஷ்டம்?

துப்பாக்கி சுடும் போட்டிகளில் பார்ப்பதற்கு மிகவும் சலிப்பூட்டுவது எது என்று கேட்டால், 50 மீட்டர் ரைபிள் படுத்த நிலைப் போட்டியைத்தான் பலரும் சொல்வார்கள். பாயில் வரிசையாகக் குப்புறப் படுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரின் கையையும் ரைபிளையும் ஒரு வார் இறுக்கிப் பிணைத்திருக்கிறது. அவ்வப்போது ஒரு மெல்லிய வெடிச்சத்தம் கேட்கிறது. பிறகு மறுபடியும் அமைதி. தரையில் படுத்து, வாரால் கட்டி, தடித்த கோட்டும் மாட்டிக்கொண்டு சுட்டால் யாருக்குத்தான் குறி தப்பும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். பதில் அளவுகளில் இருக்கிறது.

இலக்கின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். குண்டின் விட்டம் 5.6 மில்லிமீட்டர். குண்டின் விளிம்பு வட்டத்தைத் தொட்டாலே பத்து கிடைத்துவிடும் என்பதால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் போதும். தாராளமாகத்தான் தோன்றும். ஆனால் 50 மீட்டர் தொலைவில் 8 மில்லிமீட்டர் என்பது ஒரு பாகையில் நூற்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான கோணம். அந்தக் கோணத்துக்குள் 60 குண்டுகளையும், ஒன்றுகூடப் பிசகாமல் செலுத்த வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் பெலாரஸின் செர்கெய் மார்த்தினோவ் அதைச் செய்தார்: 600க்கு 600. அப்போது முழு எண்களில்தான் புள்ளி தந்தார்கள். மறு ஆண்டே தசமப் புள்ளி முறை வந்துவிட்டது. மையத்தை நோக்கி ஒவ்வொரு 0.8 மில்லிமீட்டர் நெருங்கும்போதும் பத்தில் ஒரு புள்ளி கூடும், உச்சம் 10.9. இந்த முறையில் அறுபதும் வெறும் 10.0 என்றால் கிடைப்பது அதே 600தான். இன்றைய பெரிய போட்டிகளில் அதை வைத்துக்கொண்டு முன்வரிசையை எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சுடுபவருக்கு அந்தப் பத்து வட்டம் தெரியவே தெரியாது. தொலைநோக்கி பொருத்திக் குறிபார்க்க அனுமதியில்லை. 50 மீட்டரில் 10.4 மில்லிமீட்டர் புள்ளி, சாதாரணக் கண்ணின் பகுத்தறியும் எல்லைக்கும் கீழே போய்விடுகிறது. தெரிவதெல்லாம் 112.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள கறுப்பு வட்டம் மட்டுமே. பார்க்க முடியாத ஒன்றின் மேல் எப்படிக் குறிவைப்பது?

வட்டத்துக்குள் வட்டம் வைத்துத்தான். ரைபிளின் பின்பக்கக் குறிகாட்டியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் துளை. முன்பக்கக் குறிகாட்டியில் ஒரு வளையம். துளையின் வழியே பார்த்தால் வளையம் தெரியும், வளையத்துக்குள் இலக்கின் கறுப்பு தெரியும், இரண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை சுற்றிலும் ஓடும். அந்தப் பட்டை எல்லாப் பக்கமும் ஒரே அகலத்தில் இருக்கிறதா என்பது ஒன்றுதான் கேள்வி. இரண்டு புள்ளிகளைத் தனித்தனியே பிரித்துப் பார்ப்பதில் நம் கண் சுமார்தான். ஆனால் கோடுகள் நேராக இருக்கின்றனவா, இடைவெளி சமமாக இருக்கிறதா என்று உணர்வதில் அது பல மடங்கு நுட்பமானது. விழித்திரையின் பல செல்கள் தரும் தகவலை மூளை சேர்த்துப் பார்ப்பதால் வரும் திறன் இது. குறிகாட்டிகளை வடிவமைத்தவர்கள் இந்தத் திறனைத்தான் வேலைக்கு அமர்த்தியிருக்கிறார்கள். பின்புறத் துளைக்கு இன்னொரு பயனும் உண்டு. சிறிய துளை வழியே வரும் ஒளிக்கற்றை மெல்லியது என்பதால், ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் வளையமும் 50 மீட்டர் தள்ளியிருக்கும் கறுப்பும் ஒரே நேரத்தில் ஓரளவு தெளிவாகத் தெரியும். துளை இல்லாவிட்டால் கண் ஏதோ ஒன்றின் மேல்தான் குவியும்.

புதியவர்கள் பெரும்பாலும் சிறிய வளையத்தையே விரும்புவார்கள். வெள்ளைப் பட்டை மெலிந்திருந்தால் துல்லியம் கூடும் என்று ஒரு நம்பிக்கை. நடப்பது எதிர்மாறு: கறுப்பு வளையத்தோடு ஒட்டுவதும் பிரிவதுமாகத் துடிக்கும், கண் தவிக்கும், விரல் தயங்கும். கொஞ்சம் பெரிய வளையமே நல்லது என்பது என் கட்சி. குறிபார்க்காத கண்ணை மூடுவதும் வேண்டாத வேலை. முகத் தசைகள் இறுகி, திறந்திருக்கும் கண்ணையும் சேர்த்துக் களைப்பாக்கிவிடும். அதனால்தான் அந்தக் கண்ணுக்கு முன்னால் ஒளியை மட்டும் விடும் சிறிய பட்டையைத் தொங்கவிடுகிறார்கள்.

இரு குறிகாட்டிகளுக்கும் இடையே 80 சென்டிமீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன் வளையம் 0.1 மில்லிமீட்டர் விலகினால், இலக்கில் 6 மில்லிமீட்டருக்கு மேல் விலகும். பத்துக்கான வரம்பில் முக்கால் பங்கு அங்கேயே போய்விட்டது. குழலின் முனையில் வெறும் குழாயைச் செருகி முன் குறிகாட்டியை இன்னும் தள்ளி வைப்பது இந்தக் கணக்கைச் சற்று இளக்கத்தான்.

இனி உடல். இந்தக் கலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

தசை நடுங்கும், எலும்பு நடுங்காது. ரைபிள் எட்டு கிலோ வரை எடை இருக்கலாம். அதை இடக்கைத் தசையால் தாங்கினால் சில நிமிடங்களில் கை ஆட ஆரம்பித்துவிடும். (வலக்கைக்காரரை வைத்தே சொல்கிறேன்.) வார் வருவது இதற்காகத்தான். மேற்கையில் பட்டையாகக் கட்டிய வார், மணிக்கட்டின் புறத்தைச் சுற்றிக்கொண்டு, ரைபிளின் அடியிலுள்ள தடுப்பில் மாட்டப்படுகிறது. முழங்கை பாயில் ஊன்றியிருக்கும். முன்கை எலும்பு அமுக்கத்தைத் தாங்குகிறது, வார் இழுவிசையைத் தாங்குகிறது. கிரேனின் நீண்ட கையும் கம்பிவடமும் பாரத்தைப் பகிர்ந்துகொள்வது போல. சரியாக அமைந்துவிட்டால் இடக்கை விரல்களுக்கு வேலையே இருக்காது. ரைபிள் உள்ளங்கையின் சதைப்பகுதியில் கிடக்கும், விரல்கள் தளர்ந்து தொங்கும். முன்கையை எவ்வளவு தாழ்த்துகிறோமோ அவ்வளவு நிலைப்பு கூடும் என்பதால், தரையிலிருந்து 30 பாகைக்குக் கீழே இறக்கக் கூடாது என்று விதியே போட்டிருக்கிறார்கள்.

வாரால் ஒரு தொல்லையும் உண்டு. அது சுற்றும் மேற்கையில்தான் பெரிய தமனி ஓடுகிறது. வார் அதை அழுத்தினால், இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் முன் வளையம் ஒரு துள்ளு துள்ளும். துளை வழியே பார்க்கும்போது தன் நாடியைத் தானே எண்ணலாம். வாரை மேலேயோ கீழேயோ நகர்த்தித் துடிப்பு அடங்கும் இடத்தைத் தேட வேண்டும். அது ஆளுக்கு ஆள் மாறும். கோட்டின் கனமான கைப்பகுதி கொஞ்சம் உதவும். வயிறும் மார்பும் தரையில் அழுந்தினாலும் துடிப்பு மேலே ஏறும். வல முழங்காலைச் சற்று மடக்கி, உடலை இடப்பக்கம் லேசாகச் சாய்த்து அவர்கள் படுத்திருப்பது இதைத் தவிர்க்கத்தான். மூச்சும் தடையின்றி வரும்.

இப்படிப் படுத்தபின் முக்கியமான ஒரு சோதனை. வளையத்தைக் கறுப்பின் மேல் கொண்டுவந்து, கண்ணை மூடி, உடலைத் தளர்த்தி, இரண்டு மூன்று மூச்சு விட்டுவிட்டுக் கண்ணைத் திறக்க வேண்டும். வளையம் கறுப்பிலேயே இருந்தால் நல்லது. இடப்பக்கம் போயிருந்தால், கையால் வலப்பக்கம் தள்ளிச் சரிசெய்யத்தான் யாருக்கும் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. இட முழங்கையை அச்சாக வைத்துக்கொண்டு இடுப்பையும் கால்களையும் நகர்த்தி, உடல் முழுவதையும் திருப்ப வேண்டும். ரைபிள் எந்த முயற்சியும் இல்லாமல் தானாகவே இலக்கைப் பார்க்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

தள்ளிப் பிடித்தால் என்ன கெட்டுவிடும்? குண்டு குழலுக்குள் இருக்கும் நேரத்தில் இருக்கிறது விடை. வெடிமருந்து தீப்பற்றியதிலிருந்து குண்டு வெளியேற ஆயிரத்தில் இரண்டு மூன்று வினாடி ஆகிறது. அதற்குள் ரைபிள் பின்னுதைக்கத் தொடங்கிவிடுகிறது. 2.6 கிராம் குண்டு 66 சென்டிமீட்டர் குழலில் முன்னேறும்போது, 6 கிலோ ரைபிள் சுமார் 0.3 மில்லிமீட்டர் பின்னால் நகர்ந்திருக்கும். அற்பம்தான். ஆனால் முன் வளையத்தில் 0.1 மில்லிமீட்டர் எவ்வளவு பாடுபடுத்தும் என்று பார்த்தோம். அந்த நகர்வு ஒவ்வொரு முறையும் ஒரே திசையில், ஒரே அளவில் இருந்தால் கவலையில்லை. குறிகாட்டியைத் திருகி ஈடுசெய்துவிடலாம். தசையால் தள்ளிப் பிடித்திருந்தாலோ தள்ளும் விசை குண்டுக்குக் குண்டு மாறும், நகர்வும் மாறும். துப்பாக்கியின் விசையை (ட்ரிகரை) அழுத்தும் கணத்தில் தசை சற்றே தளர்ந்துவிட்டால் ரைபிள் தன் இயல்பான திசைக்கே திரும்பி ஓடும். ஆகவே இந்த விளையாட்டில் அசையாமல் பிடிப்பதைவிட, ஒரே மாதிரி உதைவாங்குவதுதான் பெரிய திறமை. சுட்ட பிறகும் சில கணங்கள் கண்ணை எடுக்காமல் பார்ப்பார்கள்: துள்ளிய வளையம் தானாகக் கறுப்புக்கே திரும்புகிறதா? திரும்பினால் படுக்கை சரி.

மூச்சு இழுக்கும்போது மார்பு உயர்ந்து வளையம் கீழிறங்கும், விடும்போது மேலேறும். விட்ட மூச்சின் முடிவில் வரும் இயல்பான இடைவெளியில், ஆறேழு வினாடிக்குள் சுட்டுவிட வேண்டும். நேரம் கடந்தால் கண்ணில் பிம்பம் மங்கத் தொடங்கும். விரலை எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பதே புத்திசாலித்தனம். விசையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சில பத்து கிராம் அழுத்தத்திலேயே விடுபடும்படி அது அமைந்திருக்கும். ரைபிளைக் கலைக்காமல் நேராகப் பின்னோக்கி அழுத்தினால் சரி. ரைபிள் பக்கவாட்டில் சாய்வதைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. 50 மீட்டர் போவதற்குள் குண்டு புவியீர்ப்பால் 12 சென்டிமீட்டருக்கு மேல் இறங்குகிறது. அதை ஈடுகட்டக் குழல் சற்று மேல்நோக்கி இருக்கும். ரைபிள் வழக்கத்தைவிட நான்கு பாகை கூடுதலாகச் சாய்ந்தால் அந்த மேல்நோக்கு பக்கவாட்டுக்குத் திரும்பி, குண்டு எட்டு ஒன்பது மில்லிமீட்டர் ஒதுங்கிவிடும். சாய்வாகப் பிடிப்பது தவறில்லை. ஒரே சாய்வாக இருக்க வேண்டும்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும், குழலை விட்டு வெளியேறிய குண்டு காற்றின் கையில். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகக் காற்று முகத்தில் பட்டும் படாமலும் இருக்கும். அது குறுக்கே வீசினால் குண்டை 6 மில்லிமீட்டர் அளவுக்குத் தள்ளிவிடும். வேகமான தோட்டாவைப் போட்டால் தள்ளல் குறையுமே என்று தோன்றும். குறையாது, கூடும்! காற்று தள்ளும் தூரம் குண்டு பறக்கும் மொத்த நேரத்தைப் பொறுத்ததல்ல. வெற்றிடத்தில் பறந்திருந்தால் ஆகும் நேரத்தைவிட எவ்வளவு தாமதமாக வந்து சேர்கிறது என்பதையே பொறுத்தது. குண்டின் வேகம் ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது காற்றின் தடை சட்டென எகிறும், தாமதமும் எகிறும். போட்டித் தோட்டாக்களை வினாடிக்கு 320, 330 மீட்டரில், ஒலியின் வேகத்துக்குக் கீழேயே நிறுத்திவைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தள்ளல் கிடைமட்டமாக மட்டும் நிற்பதுமில்லை. குழலுக்குள் உள்ள சுருள் பள்ளங்கள் குண்டை வலப்பக்கமாக, வினாடிக்குச் சுமார் 800 சுற்று சுழற்றுகின்றன. சுழலும் குண்டைக் குறுக்குக் காற்று தாக்கும்போது அது மேலோ கீழோ சற்று விலகும். இடமிருந்து வீசும் காற்று குண்டை வலப்பக்கம் கீழே தள்ளும். வலமிருந்து வீசுவது இடப்பக்கம் மேலே தள்ளும். கடிகார முகத்தில் பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே கோடு இழுத்தது போல் குண்டுகள் சிதறும். 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் தொங்கும் காற்றுக் கொடிகளில், அருகிலிருப்பதற்கே அதிக மதிப்பு. தொடக்கத்திலேயே திசை மாறிய குண்டுக்கு விலகிச் செல்ல மீதித் தூரம் முழுவதும் இருக்கிறதல்லவா?

60 குண்டுகளுக்கு 50 நிமிடம். அதற்கு முன்னால் தயாராகவும் சோதித்துச் சுட்டுப் பார்க்கவும் 15 நிமிடம். கெட்டிக்காரர்கள் அந்த 15 நிமிடத்தில் மைதானத்தில் அடிக்கடி திரும்பி வரும் ஒரு காற்றைத் தேர்ந்தெடுத்து, குறிகாட்டியை அதற்கேற்பத் திருகிவைப்பார்கள். அந்தக் காற்று வந்தால் மளமளவென்று சுடுவார்கள். மாறினால் கன்னத்தை எடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். பார்வையாளருக்குச் சலிப்பூட்டும் அந்த அமைதி பெரும்பாலும் இந்தக் காத்திருப்புதான்.

தோட்டாவிலும் சூதாட்டம் உண்டு. ஒரே பெட்டித் தோட்டாக்களில் வேகம் வினாடிக்கு 10 மீட்டர் கூடிக் குறைந்தால், இலக்கில் மேலும் கீழுமாக ஏழெட்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். தீமூட்டும் கலவை தோட்டாவின் அடி விளிம்புக்குள் சுற்றிலும் பரவியிருக்க வேண்டிய வகை இது. எல்லாத் தோட்டாவிலும் அதைச் சமமாகப் பரப்புவது எளிதல்ல. ஒரு ரைபிளுக்குப் பிடித்த தயாரிப்புத் தொகுதி இன்னொன்றுக்குப் பிடிக்காமலும் போகும். எனவே குழலை இறுகப் பிடிக்கும் சாதனத்தில் பூட்டி, தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, மிக நெருக்கமாக விழும் தொகுதியை மொத்தமாக வாங்கிவைத்துக்கொள்கிறார்கள்.

சுட்டு முடித்த அட்டையை இந்தக் கணக்குகளோடு பார்த்தால் அது பேசத் தொடங்கும். பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே நீண்ட சிதறல் என்றால் காற்றைப் படிக்கவில்லை. உடலைத் திருப்பாமல் கையால் தள்ளிப் பிடித்திருந்தால், குண்டுகள் பக்கவாட்டில் ஒரே திசைக்கு வழிந்திருக்கும். மேலும் கீழுமாக மட்டும் நீண்டிருந்தால் மூச்சையும் தோட்டாவையும் சந்தேகிக்கலாம். தோட்டாவைக் குற்றம் சொல்வது எல்லோருக்கும் பிடிக்கும் என்பதால், மூச்சை முதலில் சோதிப்பது நல்லது.