பதினாலைக் கூட்டாதீர்கள், பிள்ளைகளே

போன சனிக்கிழமையும் எங்கள் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்கு ஒருவன் 20 எச்.பி. (ஹிட் பொயின்ட்ஸ், விழுமுன் தாங்கக்கூடிய அடியின் அளவு) உள்ள முதல் லெவல் மந்திரவாதியோடு வந்து நின்றான். இந்த மாதத்தில் இது நான்காவது. முதல் மூன்று பேருக்கும் சிரித்துக்கொண்டு திருத்திக் கொடுத்தேன். நான்காவதுக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஒரு ரியூசனில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். சனி பின்னேரம் வகுப்பு முடிந்ததும் அதே வாங்குகளை வட்டமாக இழுத்துப் போட்டு டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாடுவோம்; ஆளுக்கொரு பாத்திரம், நடப்பதைப் பகடை தீர்மானிக்கும். கதையை நடத்தும் டி.எம். நான்தான். ஒருவரின் மாமா கனடாவிலிருந்து கொண்டுவந்த ஏழு பகடைகளும் ஒரு பழைய டொபிப் பேணியும்தான் எங்கள் சொத்து. கரண்ட் போனால் போன் வெளிச்சத்தில் உருட்டுவோம்.

அந்த 20 எப்படி வந்தது என்று கேட்டேன். “மந்திரவாதிக்கு ஆறு பக்கப் பகடை சேர். முதல் லெவலில் முழுசா 6. உடலுறுதி 14. கூட்டினால் 20.” கூட்டல் சரிதான். கூட்டிய எண்தான் பிழை.

14 என்பது உடலுறுதிப் புள்ளி. கூட்ட வேண்டியது அதிலிருந்து வரும் சின்ன எண்ணான மொடிஃபையரை. புள்ளியில் 10ஐக் கழி, வருவதை 2ஆல் வகு, கீழே மட்டந்தட்டு. 14க்கு வருவது 2. ஆகவே அந்தப் பெடியனின் மந்திரவாதிக்கு 8 எச்.பி. இருபது இல்லை, எட்டு. பாத்திரத்தின் விவரம் எழுதும் சீற்றில் இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் கண் பெரிய எண்ணுக்குத்தான் போகிறது. போகட்டும், கையாவது சின்ன எண்ணுக்குப் போகட்டுமே!

இதை ஒவ்வொரு லெவலிலும் செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். உடலுறுதி 15 உள்ள போர்வீரன், நான்காவது லெவல். அவனுக்குப் பத்துப் பக்கப் பகடை; முதல் லெவலில் 10உம் மொடிஃபையர் 2உம் சேர்ந்து 12. அடுத்த மூன்று லெவலுக்கும் பகடை உருட்டாமல் விதி தரும் நிலையான 6ஐ எடுத்தால், 6உம் 2உம் சேர்ந்து 8 வீதம் 24. மொத்தம் 36. 15ஐயே கூட்டிக்கொண்டு போனவரின் சீற்றில் 88 நிற்கும். அந்த 88ஐயும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அவனை விழுத்த நான் அனுப்பிய கொப்ளின்கள் (குட்டி அரக்கர்கள்) எல்லாம் பாவங்கள்.

சரி, மட்டந்தட்டலுக்கு வருவோம். எனக்கு உண்மையில் எரிச்சல் ஏறுவது இங்கேதான். உடலுறுதி 9 என்றால் மொடிஃபையர் என்ன? 9இலிருந்து 10 போக மறை 1. அதன் பாதி மறை 0.5. உடனே பத்தில் எட்டுப் பேர் “தசமத்தை வெட்டினால் பூச்சியம் சேர்” என்கிறார்கள். தசமத்தை வெட்டுவது வேறு, கீழே மட்டந்தட்டுவது வேறு. எண்கோட்டைக் கிணறு மாதிரி நிமிர்த்தி வையுங்கள். பூச்சியம்தான் கிணற்றுக்கட்டு. மறை 0.5 என்பது கட்டிலிருந்து அரைப் படி கீழே. அங்கிருந்து கீழே இறங்கினால் கால் படுவது மறை 1இல். பூச்சியத்துக்குப் போக வேண்டுமென்றால் மேலே ஏற வேண்டும். கீழே என்று சொன்ன பிறகு ஏன் ஏறுகிறீர்கள்? தரம் ஏழில் மறை எண் படிப்பித்த ஆசிரியர் யாரென்று கேட்க வாய் வரும். சில பேருக்கு அது நானேதான், அதனால் அடக்கிக்கொள்வேன்.

மறை மொடிஃபையர் இருந்தாலும் லெவல் ஏறும்போது குறைந்தது 1 எச்.பி. கிடைக்கும். அதற்காக 9ஐ வைத்துக்கொண்டு வீரம் பேச வேண்டாம்.

இன்னொன்று. போர்வீரன் நான்காவது லெவலில் உடலுறுதியை 15இலிருந்து 16 ஆக்குகிறான். மொடிஃபையர் 3 ஆகிறது. எச்.பி. எவ்வளவு கூடும்? எல்லோரும் 1 என்கிறார்கள். 4 கூடும். முந்திய லெவல்களுக்கும் சேர்த்துத்தான் கணக்கு, ஆகவே 36 இப்போது 40. இதனால்தான் சீற்றைப் பேனையால் நிரப்ப வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன்.

உருட்டுவதா, நிலையான எண்ணை எடுப்பதா என்ற சண்டைக்கு நிகழ்தகவு படித்தவர்கள் வரவே கூடாது. எட்டுப் பக்கப் பகடையின் இடை 4.5. விதி சும்மா தருவது 5. உருட்ட ஆசை என்றால் உருட்டுங்கள், ஆனால் என் கண் முன்னால். வீட்டில் உருட்டிய பகடைகள் எல்லாம் எட்டாகவே விழுகின்றன.

பிழையான மொடிஃபையர் அந்த இடத்தோடு நிற்பதில்லை. ஒரு மணி நேர ஓய்வில் பகடை உருட்டி எச்.பி.யை மீட்கும்போதும் ஒவ்வொரு பகடைக்கும் அதே மொடிஃபையர்தான். தற்காலிக எச்.பி.யை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது; பழையதா புதியதா என்று ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். மறை 4 எச்.பி. என்று எழுதாதீர்கள், பூச்சியத்துக்குக் கீழே கணக்கே இல்லை. ஆனால் விழுந்த பிறகு மிஞ்சிய அடி உங்கள் உச்ச எச்.பி. அளவோ அதற்கு மேலோ இருந்தால் அந்த இடத்திலேயே சாவு.

எச்.பி. இரத்தமும் இல்லை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட விளையாட்டு இது. ஆர்னெசன் இந்த எண்ணைப் போர்க்கப்பல் விளையாட்டு விதிகளிலிருந்துதான் எடுத்து வந்தார். மூச்சு, மனவுறுதி, அதிர்ஷ்டம் எல்லாம் அதற்குள் அடக்கம். 12 போனால் கை துண்டாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒருமுறை ஒரு பெடியன் காயத்தை விலாவாரியாகச் சொல்லத் தொடங்க, எதிரே இருந்தவன் பகடையைப் பேணிக்குள் போட்டுவிட்டு எழுந்து வெளியே போனான். அவன் அப்பாவின் தோளில் இன்னும் ஷெல் துண்டு இருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் மேசையில் “சறுக்கினாய், மூச்சு வாங்குகிறது, கேடயம் கழன்றது” என்றுதான் சொல்கிறோம். கணக்கில் ஒரு எண்ணும் மாறவில்லை.

விதி கிடைக்கவில்லை என்ற சாட்டு வேண்டாம். அடிப்படை விதிகள் 2023 முதல் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. போனில் இறக்கிவைத்து ஒரேயொரு பக்கத்தை வாசியுங்கள் ராசாக்களே.

அந்த மந்திரவாதிக்கு 8 என்று திருத்திக் கொடுத்தேன். கொப்ளினின் இரண்டாவது வெட்டிலேயே விழுந்தான். பிறகு இருபது பக்கப் பகடையில் மூன்று தரம் 10ஓ அதற்கு மேலோ உருட்டி உயிர் தப்பினான். போகும்போது “20 என்றால் விழுந்திருக்க மாட்டேன் சேர்” என்றான். வரும் சனி தன் மச்சானையும் கூட்டி வருகிறானாம். தயவுசெய்து அவனிடம் பென்சிலும் அழிறப்பரும் கொடுத்து விடுங்கள்.